ஊட்டிக் கட்டடங்கள் படத்தில் மட்டும் ஏன் சாய்கின்றன

உங்கள் போனில் ஊட்டி புனித ஸ்டீபன் ஆலயத்தின் படம் இருந்தால் திறந்து, ஒரு தாளின் ஓரத்தைத் திரையின் விளிம்புக்கு இணையாகக் கோபுரச் சுவரோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அடியில் ஒட்டி நிற்கும் தாள் உச்சியில் விலகி நிற்கும். இரண்டு பக்கச் சுவர்களும் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும், மொத்தக் கட்டடமும் மல்லாக்க விழப்போவது போல் பின்னால் சாயும். போனில் தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது இது யாருக்கும் உறைப்பதில்லை. பிரிண்ட் போட்டு ஃபிரேமுக்குள் வைத்தால் உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் பக்கத்திலேயே நேரான மரச்சட்டம் ஒன்று நின்று காட்டிக்கொடுக்கிறது.

எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. குன்னூரில் ஹோம்ஸ்டே நடத்தும் என் மச்சினன், சாப்பாட்டு அறைச் சுவரில் நீலகிரியின் பழைய கட்டடங்களை வரிசையாக மாட்ட வேண்டும் என்று தன் போனில் இருந்த படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தான். ஃபிரேம் கடைக்காரர் சட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏங்ணா, சர்ச்சு இப்படி மல்லாக்கச் சாயுது, நான் சட்டத்த வளைச்சுப் போட முடியுங்களா?" என்று சிரித்தார். மச்சினன் படங்களை என்னிடம் தள்ளிவிட்டு, "மாமா, நீங்களே எடுத்துக் குடுத்துருங்க, நெட்ல கெடைக்கற படம் வேண்டாம், அது எல்லா லாட்ஜுலயும் தொங்குது" என்றான். அப்படி எடுத்த படங்களில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலும் போன்தான், சில இடங்களில் மட்டும் 18-55 லென்ஸ் போட்ட பழைய டிஎஸ்எல்ஆர்.

சாய்வதற்குக் காரணம் லென்ஸ் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வைட் லென்ஸ் சாய்வை அதிகமாகக் காட்டும், அவ்வளவுதான். காரணம் போனை அண்ணாந்து பிடிப்பது. கேமராவுக்குள் படம் பதிகிற தகடான சென்சாரும் கட்டடத்தின் சுவரும் ஒன்றுக்கொன்று இணையாக நின்றால் செங்குத்துக் கோடுகள் படத்திலும் செங்குத்தாகவே விழும், கிட்டே நின்றாலும் சரி, எட்ட நின்றாலும் சரி. உச்சி தெரியவில்லையே என்று போனின் தலையைப் பின்னால் சாய்த்த கணத்தில் சென்சார் சுவரைவிட்டு விலகுகிறது, கோடுகள் மேலே ஒரு புள்ளியை நோக்கி ஓட ஆரம்பிக்கின்றன. கொத்தனார் சுவர் எழுப்பும்போது ரசமட்டம் வைத்துப் பார்ப்பாரே, அந்த வேலையைத்தான் இங்கே போனுக்குச் செய்ய வேண்டும். இப்போது வரும் போன்கள் பலவற்றில் கேமரா செட்டிங்ஸில் திரையில் கட்டக்கோடு போடும் கிரிட்டும், சாய்வைக் காட்டும் லெவலும் இருக்கின்றன, இரண்டையும் போட்டுவிடுங்கள். முக்கியமானதை நடுவில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் வைக்கச் சொல்லும் விதிக்காகத்தான் கிரிட் என்று சொல்வார்கள். கட்டடப் படத்தில் அதன் முதல் உபயோகம், சுவர் அந்தக் கோட்டுக்கு இணையாக நிற்கிறதா என்று பார்ப்பதுதான்.

சரி, போனை நேராகப் பிடித்தால் கோபுரத்தின் உச்சி வெட்டுப்படுகிறதே, என்ன செய்வது? பின்னால் நடக்க வேண்டும். எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. போனின் ஒன் எக்ஸ் லென்ஸ், அதாவது ஜூம் செய்யாமல் எடுப்பது, பெரும்பாலும் பெரிய கேமராவின் 24 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சமமானது. அதை நிமிர்த்தி, தரைக்குச் செங்குத்தாகப் பிடித்தால், நீங்கள் நிற்கும் தூரத்தில் 0.72 பங்கு உயரம் வரை உங்கள் கண்மட்டத்துக்கு மேலே படத்தில் விழும். படுக்கைவாக்கில் பிடித்தால் 0.54 பங்கு. 20 மீட்டர் கோபுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்மட்டம் 1.6 மீட்டர், அதைக் கழித்தால் 18.4. போனை நிமிர்த்திப் பிடித்தால் சுமார் 26 மீட்டர் பின்னால் போக வேண்டும், படுக்கவைத்தால் 34 மீட்டர். அதே கோபுரத்தை 10 மீட்டரில் நின்று எடுக்கப் பார்த்தால் போனைச் சுமார் 26 டிகிரி அண்ணாத்த வேண்டியிருக்கும். இருபத்தாறு டிகிரி சாய்வில் எந்தக் கட்டடமும் படத்தில் உருப்படியாக நிற்காது.

உயரம் தெரியாத கட்டடத்துக்கு டீக்கடையில் வடை வைத்துத் தரும் தாளே போதும். சதுரமாகக் கிழித்து மூலைக்கு மூலை மடித்தால் 45 டிகிரி முக்கோணம் கிடைக்கும். அடிப்பக்கத்தைத் தரைக்கு இணையாகக் கண்ணருகில் பிடித்து, சாய்ந்த ஓரத்தின் வழியே பார்த்தபடி பின்னால் நடங்கள். கோபுரத்தின் உச்சி அந்த ஓரத்தின் நேர்கோட்டில் வந்து உட்காரும் இடத்தில் நின்று, கட்டடம் வரை எத்தனை காலடி என்று எண்ணிக்கொள்ளுங்கள். அங்கிருந்து இன்னும் பாதி தூரம் பின்னால் போனால், நிமிர்த்திப் பிடித்த போனைச் சாய்க்காமலே முழுக் கோபுரமும், தலைக்கு மேல் கொஞ்சம் வானமும் கிடைக்கும். இது சமதரைக் கணக்கு. ஊட்டியில் சமதரை எங்கே இருக்கிறது என்றால், ரேஸ்கோர்ஸில் இருக்கிறது. மற்ற இடங்களுக்கு வேறு வழி பார்க்க வேண்டும், அதற்கு வருகிறேன்.

போனை நேராகப் பிடித்தால் இன்னொரு சங்கடமும் உண்டு. கண்மட்டம் படத்தின் நட்டநடுவில் வந்து விழும். கீழ்ப்பாதி முழுக்கத் தரைதான், தார் ரோடும் வேன் டயரும். அதில் வேலைக்காகிற ஏதாவது இருந்தால் வைத்துக்கொள்ளலாம்: சரளைக்கல் பாதை, படிக்கட்டு, மழை நின்ற பிறகு தேங்கிய தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் சுவர். ஒன்றும் இல்லையென்றால் யோசிக்காமல் கீழே வெட்டிவிடுங்கள். கட்டடம் எடுப்பதற்கென்றே விற்கும் டில்ட் ஷிஃப்ட் லென்ஸ், விலை கேட்டால் தலை சுற்றும், அது செய்வதும் கிட்டத்தட்ட இதேதான்: கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தி, கீழே இருக்கும் தரைக்குப் பதிலாக மேலே இருக்கும் கோபுரத்தைப் படத்துக்குள் கொண்டுவருவது. நமக்கு வெட்டுவதுதான் ஷிஃப்ட். வெட்டினால் மெகாபிக்சல் போகும். 12 மெகாபிக்சல் படம் 3000க்கு 4000 புள்ளிகள், அடியில் மூன்றில் ஒரு பங்கு போனால் மிச்சம் 3000க்கு 2667. அங்குலத்துக்கு 200 புள்ளி என்று பார்த்தால் 15 அங்குல அகலத்துக்குத் தாராளமாக வரும், சாப்பாட்டு மேசையிலிருந்து பார்ப்பதற்கு அதற்கு மேல் வேண்டாம். போனில் 50 மெகாபிக்சல் வசதி இருந்தால் நல்ல வெளிச்சத்தில் அதைப் போட்டு எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நிம்மதி.

மேட்டில் இருக்கும் ஆலயம்

புனித ஸ்டீபன் ஆலயத்துக்கு 1829 ஏப்ரல் 23இல் அடிக்கல் நாட்டினார்கள். அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன், கட்டடத்தை வடிவமைத்தவர் ராணுவத்தில் கேப்டனாக இருந்த ஜான் ஜேம்ஸ் அண்டர்வுட். 1831 ஈஸ்டர் அன்று மக்களுக்குத் திறந்தார்கள். உள்ளே இருக்கும் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்புவின் அரண்மனையிலிருந்து மலையேறி வந்தவை. வெளிர்மஞ்சள் சுவர், சதுரக் கோபுரம். உயரம் என்று பார்த்தால் நம் ஊர்க் கோயில் கோபுரங்களோடு போட்டி போடக்கூடியது இல்லை. அதற்கு அழகு கொடுப்பது அது உட்கார்ந்திருக்கும் மேடு. படமெடுப்பவனுக்கு வில்லங்கமும் அந்த மேடுதான், ஏனென்றால் எல்லோரும் ரோட்டிலிருந்து மேலே பார்த்துத்தான் எடுக்கிறார்கள், கோபுர உயரத்தோடு மேட்டின் உயரமும் சேர்ந்துகொள்ள, போன் இன்னும் அண்ணாந்துபோகிறது. பின்னால் போனால் சரியாகும் என்று இறங்கி நடந்தால் நீங்களும் பள்ளத்துக்குள் போகிறீர்கள், தூரத்தில் சம்பாதித்ததை இறக்கத்தில் விட்டுவிடுகிறீர்கள்.

ஆகவே மேலே ஏற வேண்டும். இதுதான் இந்த வேலை முழுக்க எனக்குக் கைகொடுத்த விஷயம். கட்டடத்தின் இடுப்பு உயரத்துக்கு நீங்கள் ஏறிவிட்டால் தூரக் கணக்கு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். முன்னே சொன்ன 20 மீட்டர் கோபுரத்தை 10 மீட்டர் உயரத்தில் நின்று எடுத்தால் 14 மீட்டர் தள்ளி நின்றால் போதும், போன் சாயாது, தரையும் வீணாகாது, படம் முழுக்கக் கட்டடம்தான். சமவெளியில் இதற்கு யார் வீட்டு மொட்டைமாடியையாவது கெஞ்ச வேண்டும். மலையூரில் மேடு சும்மா கிடைக்கிறது. எதிர்ச்சரிவில் ஒரு ரோடு போகும், அதற்கு மேல் வளைந்து இன்னொரு ரோடு போகும், அதிலிருந்து பார்த்தால் கீழே நின்றபோது அண்ணாந்து பார்த்த கூரை கண்ணுக்கு நேராக வந்திருக்கும். அதனால் ஊட்டியில் ஒரு கட்டடத்தை எடுக்கப்போனால் போனை வெளியே எடுப்பதற்கு முன் அதைச் சுற்றி ஒரு நடை போய்விடுவேன், ஏறுகிற பாதை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே.

இந்த ஆலயத்தில் அந்த மேடு பின்புறம் இருக்கும் கல்லறைத் தோட்டம். ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கமான இடம் அது. பேச்சைக் குறைத்துக்கொண்டு, கல்லறைகள் மேல் கால் வைக்காமல் பாதையிலேயே நடந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. அங்கிருந்து பார்க்கும்போது ஆலயம் சுற்றுலா அட்டையில் இருக்கிற ஆலயமாக இல்லை, பாசி பிடித்த கற்களுக்கு அப்பால் கூரையும் கோபுரத்தின் மேல்பகுதியுமாக வேறு கட்டடம் போல் இருக்கிறது. மச்சினனின் மனைவி இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிடற எடத்துல கல்லறையா அண்ணா?" என்றாள். நியாயம்தான். கற்கள் வராமல் ஒரு செடியை முன்னால் வைத்து இன்னொன்று எடுத்தேன்.

முன்பக்கப் படத்தையும் விட்டுவிட முடியாது, விருந்தாளிக்கு அடையாளம் தெரிய வேண்டுமே. நேருக்கு நேராக எடுப்பது என்று முடிவு செய்துவிட்டால் உண்மையிலேயே நேராக நிற்க வேண்டும், முக்கால்வாசி நேர் என்பது பார்க்கச் சகிக்காது. முன்னால் இருக்கும் வாசல் வளைவின் நடுவும் பின்னால் எழும் கோபுரத்தின் நடுவும் ஒரே கோட்டில் வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வளைவின் நடு, கோபுர நடுவுக்கு இடது பக்கம் தள்ளித் தெரிந்தால் நீங்களும் இடது பக்கம் அரை எட்டு நகருங்கள், வலது பக்கம் தெரிந்தால் வலது. போனைத் திருப்பினால் இது சரியாகாது, கால்தான் நகர வேண்டும். இரண்டும் பொருந்தியதும் கட்டடத்தைப் படத்தின் நடுவிலேயே வையுங்கள். நடுவில் வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவர்கள் நேர்ப்பார்வைக் கட்டடத்தை மனதில் வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்புறம் கோபுர முனை. பின்னால் நிற்கும் மரத்தின் உச்சியும் கோபுர மூலையும் தொட்டும் தொடாமலும் இருந்தால் படத்தில் இரண்டும் ஒட்டிப்போய், கோபுரத்திலிருந்து கிளை முளைத்தது போல் ஆகிவிடும். இரண்டு எட்டு தள்ளி நின்று நடுவில் ஒரு கீற்று வானத்தை விட்டால் கோபுரம் தனியாகப் பிரிந்து முன்னே வரும். கரண்ட் கம்பிக்கும் இதே வைத்தியம்தான், கம்பத்தை ஏதாவது ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும்படி நின்றுகொள்வது. கம்பியை ஆப்பில் அழிக்கலாம், ஆனால் கல்சுவருக்குக் குறுக்கே போகும் கம்பியை அழித்தால் கல்லின் கோடுகள் குழம்பிவிடும், பிரிண்ட்டில் அந்தத் தழும்பு தெரியும்.

நகர இடமில்லாத இடங்கள்

நீலகிரி நூலகத்துக்குப் போனால் இந்தக் கணக்கெல்லாம் கைவிட்டுவிடும். 1859இல் தொடங்கிய நூலகம், கட்டடம் ராபர்ட் சிஸம் வடிவமைத்தது, சென்னையில் செனட் ஹவுஸ் கட்டினாரே அவர்தான். பின்னால் நகரவும் இடம் போதாது, ஏறவும் வசதியில்லை. இப்படிப்பட்ட இடத்தில் போனில் மிக அகலமாகக் காட்டும் 0.5 எக்ஸ் லென்ஸைப் போட்டு முழுக் கட்டடத்தையும் அடைக்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அதில் ஓரங்கள் இழுபட்டு, மூலையில் நிற்கிற ஆள் தலை சப்பிப்போய், கட்டடம் ரப்பரில் செய்தது போல் வரும். முழுதும் கிடைக்காத இடத்தில் ஒரு பகுதியை முழுதாக எடுப்பது மேல்: ஒரு கூர்வளைவு ஜன்னல், அதன் கீழே சுவரின் நிறம், ஓரத்தில் கொஞ்சம் கூரை. சுவரில் ஓடும் வரிகள் இருக்கும் இடத்தில் போன் அரை டிகிரி சாய்ந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் கையை நம்பாமல் மதில்மேல் வைத்து எடுத்தேன்.

மூலையிலிருந்து இரண்டு பக்கமும் தெரிய எடுப்பதென்றால் இரண்டையும் சரிசமமாகக் காட்டாதீர்கள். சரிபாதியாக வந்தால் கண்ணுக்கு எங்கே போவது என்று தெரியாமல் மூலையிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். நல்ல பக்கத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, மற்றதற்கு மிச்சம். வெயில் விழும் பக்கம் ஒன்று, நிழலில் இருக்கும் பக்கம் ஒன்று என்று வந்தால் கட்டடத்துக்குக் கனம் கிடைக்கும்.

ரயில் நிலையத்தில் இதற்கு நேர்மாறான பாடம். ஊட்டிக்கு ரயில் வந்தது 1908இல், மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் அந்தப் பாதை 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நிலையக் கட்டடம் தாழ்வானது, நீளவாக்கில் ஓடுவது. இங்கே ஏற வேண்டாம், குனிய வேண்டும். சமதரையில் நின்று கண்மட்டத்தில் கேமராவைப் பிடித்தால், கிட்டே இருப்பவர், எட்ட இருப்பவர் எல்லோருடைய கண்களும் ஏறக்குறைய ஒரே கோட்டில் விழும், அதுதான் படத்தின் தொடுவானக் கோடு. பிளாட்பாரத்தின் ஓரமும், கூரையின் விளிம்பும், தண்டவாளமும் ஓடிப்போய்ச் சேரும் புள்ளியும் அந்தக் கோட்டில்தான் இருக்கும். கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் அந்தக் கோடும் இறங்கும், கூரை விளிம்பு செங்குத்தாகச் சரிந்து ஓட ஆரம்பிக்கும், தாழ்வான கட்டடத்துக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும். போனைத் தலைகீழாகத் திருப்பினால் பல மாடல்களில் லென்ஸ் தரைப்பக்கம் வரும், உட்காராமலே வேலை முடிந்தது. கோடுகள் சேரும் புள்ளியில் ஏதாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் கண் அங்கே போய்ப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்பும். நான் ரயில் பெட்டியின் பின்பக்கம் அங்கே வரும்வரை காத்திருந்தேன். தண்டவாளத்தில் இறங்கி நின்று எடுப்பவர்களைத் தினமும் பார்க்கலாம். அது குற்றம், ஆபத்து என்பதெல்லாம் ஒரு பக்கம், பிளாட்பார ஓரத்தின் கோடு அதைவிட நன்றாகவே வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சேரிங்கிராஸில் இருக்கும் ஆடம்ஸ் நீரூற்று 1881இல் ஊட்டியில் இறந்த ஆளுநர் வில்லியம் பேட்ரிக் ஆடமின் நினைவாக வைத்தது. இதில்தான் அதிக நேரம் போனது. சுற்றிலும் வண்டிகள், ஹோட்டல் போர்டுகள், சாக்லேட் கடைகள். தூரமும் ஜூமும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு பொருளிலிருந்து 6 மீட்டர் தள்ளி ஒன் எக்ஸில் எடுங்கள், பிறகு 18 மீட்டர் தள்ளி நின்று த்ரீ எக்ஸில் எடுங்கள். இரண்டிலும் நீரூற்று ஒரே அளவில்தான் இருக்கும். ஆனால் அதற்குப் பின்னால் 40 மீட்டரில் இருக்கும் கட்டடம் இரண்டாவது படத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாகத் தெரியும். ஜூம் செய்த மாயம் இல்லை, நீங்கள் தள்ளிப் போனதுதான் காரணம். தூரம் மாறினால்தான் பெர்ஸ்பெக்டிவ், அதாவது கிட்டே இருப்பதும் எட்ட இருப்பதும் ஒன்றுக்கொன்று தெரியும் அளவு, மாறும், லென்ஸ் அதில் எவ்வளவை வெட்டிக் காட்டுவது என்று மட்டும் தீர்மானிக்கிறது. நின்ற இடத்திலேயே ஜூம் செய்வதும், அதே படத்தை வீட்டில் வந்து வெட்டுவதும் பெர்ஸ்பெக்டிவ் வகையில் ஒன்றுதான்.

அப்படியானால் தள்ளி நின்றால் ஹோட்டல் போர்டு பெரிதாக வந்து தொலைக்குமே என்றால், வரும். ஆனால் பின்னணியில் அடங்கும் பரப்பும் அதே அளவுக்குச் சுருங்கும். கிட்டே நின்றால் நீரூற்றுக்குப் பின்னால் தெரு முழுக்க வரும், தள்ளி நின்றால் ஒரு கடையகலம்தான் வரும். அந்த ஒரு கடையகலத்தில் மரம் மட்டும் வரும்படி வட்டமடித்து இடம் தேடுவதுதான் வேலை, வண்டிகளைப் பார்த்து, நடைபாதையை விட்டு இறங்காமல். இடம் கிடைத்தும் எனக்குத் திருப்தியில்லை, மரத்துக்கு நடுவில் ஒரு சிவப்புப் போர்டின் மூலை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. அதை மறைத்தது மூடுபனி. மதியத்துக்கு மேல் மேகம் இறங்கி, பின்னால் இருந்த கடை, போர்டு, மலை எல்லாம் வெள்ளையாகக் கரைந்துபோக, நீரூற்று மட்டும் நின்றது. பனியில் போன் படத்தைச் சாம்பலாக்கிவிடும், வெள்ளையைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடுகிறது. திரையைத் தொட்டு எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்) அளவுக்கு ஏற்றிவிடுங்கள். ஆலயத்தின் வெளிர்மஞ்சள் சுவர் மேல் உச்சி வெயில் விழும்போது இதற்கு எதிராக, முக்கால் ஸ்டாப் இறக்குங்கள். லென்ஸை அடிக்கடி துடையுங்கள், பனி வந்து உட்கார்வது கண்ணுக்கே தெரியாது. சுற்றுலா வருபவர்கள் பனி இறங்கியதும் "ஒண்ணும் தெரியல" என்று வண்டியில் ஏறிவிடுகிறார்கள், கூட்டமும் குறைகிறது. சீசனில், அதாவது மே மாதத்தில், இது எதுவும் நடக்காது, பனியே வந்தாலும் ஆள்தான் தெரிவார்கள்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. ஊட்டி இருப்பது 11.4 டிகிரி வடக்கில். டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் தெற்கே 55 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், தெற்குப் பார்த்த சுவர்களில் மதியம்கூடச் சாய்வெளிச்சம் கிடைக்கும், ஜன்னல் விளிம்புகளின் நிழல் அழகாக விழும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் போய்விடும். வருடம் முழுக்க நிழலில் கிடக்கிறதே என்று நாம் ஒதுக்கிய வடக்குப் பார்த்த முகப்புகளுக்கு வெயில் வரும் காலம் அதுதான், மழை மேகம் விட்டால். உறைபனி விழும் ஜனவரிக் காலையில் புல் வெள்ளையாக இருக்கும்போது எடுக்கலாம், விரல் மரத்துப்போகும் என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

ஆப்பில் நிமிர்த்துவது

எவ்வளவு பார்த்து எடுத்தாலும் சில படங்களில் சாய்வு மிஞ்சும். ஸ்னாப்சீடில் பெர்ஸ்பெக்டிவ் என்று இருக்கிறது, விரலால் மேலும் கீழும் இழுத்தால் கட்டடம் எழுந்து நிற்கும். லைட்ரூமில் கைடட் என்பதில் இரண்டு சுவர் ஓரங்களின் மேல் இரண்டு கோடு வரைந்தால் அதுவே நிமிர்த்திவிடும். லென்ஸ் வளைவைத் திருத்தும் டிக்கை முதலில் போட்டுவிட்டு அப்புறம் நிமிர்த்துங்கள், வளைந்த கோட்டை எப்படி நிமிர்த்தினாலும் வளைந்துதான் இருக்கும்.

நிமிர்த்தும்போது படத்தின் கீழ்மூலைகள் இரண்டும் காலியாகும், அவை வெட்டுப்படும். அதனால் நிமிர்த்த வேண்டியிருக்கும் என்று தெரிந்தே எடுக்கும் படத்தில் கட்டடத்தின் இரண்டு பக்கமும், முக்கியமாகக் கீழே, தாராளமாக இடம் விடுங்கள். அதிகமாகச் சாய்ந்த படத்தை நிமிர்த்தினால் கட்டடம் இயல்பைவிட ஒல்லியாகவோ குட்டையாகவோ மாறிப்போகும், லைட்ரூமில் ஆஸ்பெக்ட் என்ற ஸ்லைடரை நகர்த்தி உண்மையான உடல்வாகுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு வட்ட ஜன்னலோ கடிகாரமோ இருந்தால் அது வட்டமாகிறதா என்று பார்த்தால் போதும்.

கடைசி வரை நிமிர்த்தாதீர்கள் என்பது என் கட்சி. கீழே நின்று எடுத்தது என்று தெரிகிற படத்தில் சுவர்கள் துல்லியமான செங்குத்தாக நின்றால் மேல்பகுதி பருத்துத் தெரியும், பூதம் போல் முன்னால் கவிழும். நாம் நேரில் அண்ணாந்து பார்க்கும்போதும் சுவர்கள் கொஞ்சம் நெருங்கித்தான் தெரிகின்றன, மூளை அதைச் சரிசெய்துகொள்கிறது. பத்தில் ஒரு பங்கு சாய்வை விட்டுவைத்தால் கண் உறுத்துவதில்லை. இடுப்பு உயரத்திலிருந்து எடுத்தவற்றுக்கு இந்தப் பிரச்சினையே வரவில்லை.

பிரிண்ட் கோயம்புத்தூரில் போட்டோம், மேட் தாளில். பளபளப்புத் தாளில் போட்டுக் கண்ணாடியும் வைத்தால் எதிர் ஜன்னல்தான் தெரியும். மாட்டும்போதுதான் இன்னொரு விஷயம் பிடிபட்டது: படத்துக்குள் இருக்கும் தொடுவானக் கோடு, பார்ப்பவரின் கண் உயரத்தில் வந்தால் கட்டடத்தின் முன் நாமே நிற்பது போல் இருக்கும். சாப்பாட்டு அறையில் எல்லோரும் உட்கார்ந்துதான் பார்ப்பார்கள், நாற்காலியில் உட்கார்ந்தவர் கண்ணுக்குத் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர். ஆக ரயில் நிலையப் படத்தை வழக்கமான உயரத்தைவிட நன்றாகக் கீழே இறக்கி மாட்டச் சொன்னேன். மச்சினன் ஆணியும் சுத்தியலுமாக நின்றுகொண்டு, "மாமா, அவ்ளோ கீழ மாட்டுனா நாற்காலி இடிக்குமுங்க, கண்ணாடி ஒடஞ்சுரும்" என்றான். ஒரு ஜாண் ஏற்றி மாட்டியிருக்கிறோம்.